அளவுக் குச்சிகள்

செப்டம்பர் பிறந்தால் ஓவர்சியர் குச்சி கேட்பார்.
ஆளுக்கொன்று,
குதிகாலில் தொடங்கிப் பெருவிரல் நுனி வரை.
வடக்கே எங்கோ எங்களுக்கு பூட்ஸ் தைக்கிறவனுக்கு
முகம் வேண்டாம், பேர் வேண்டாம்,
குச்சி போதும்.

நான் தாமார். பிராக்கன் பண்ணையில் தையல் என் வேலை.
எங்கள் ஆட்களுக்கென்றே ஆலையில் நெய்கிற துணி,
முதல் வாரம் கழுத்தை அறுக்கும்.
நாற்பது சட்டை. பெரிசு, சிறிசு, இரண்டே அளவு.
பாதத்துக்கு மட்டும்தான்
இங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

ஹிக்கரிக் கிளை வெட்டித் தோல் சீவி
குறி போடுவேன்.
ரான்சமுக்கு ஒரு வெட்டு. எனக்கு இரண்டு.
மிலிக்குக் குச்சி கிடையாது,
பத்து வயசுக்குக் கீழே கால் குளிராது என்பது
பண்ணைக் கணக்கு.
ஐஷமுக்கு மூன்று வெட்டு.
அவன் ஜனவரியிலேயே கனாவா உப்பு ஆலைக்குப் போய்விட்டான்.
ஞாபகத்தில் இருந்த பாதத்தை வைத்து வெட்டினேன்.
எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டினேன்.

"இவன் பூட்ஸ் குத்தகைக்காரன் பாடு"
என்று ஓவர்சியர் அதை உருவிப் போட்டார்.
எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

பெரிய துரை செத்தபின் பிள்ளைகள் மைனர்.
அவர்கள் லத்தீன் படிக்க
எங்களை வருஷக் குத்தகைக்கு விடுகிறது கோர்ட்டு.
நிலத்தைக் குத்தகைக்கு விட்டால்
நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோர்ட்டுப் படிக்கட்டில் பாண்டை உரக்கப் படிப்பார்கள்:
மேற்படி ஆளுக்குக் கோடைக்கு ஓர் உடுப்பு,
குளிருக்கு ஓர் உடுப்பு,
கம்பளி ஒன்று, தொப்பி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி.
கிறிஸ்துமஸுக்கு
வழக்கப்படி உடுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியது.

அப்படியே அனுப்பினார்கள்.
கம்பளி இருந்தது. தொப்பி புதுசு.
ஓவர்சியர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து
சரி, சரி என்றார்.
இரவு பூட்ஸைக் கழற்றினான் ஐஷம்.
இடது காலில் இரண்டு விரல் இல்லை.
உப்புக் கொப்பரை கவிழ்ந்தது என்றான்,
எவனுக்கோ நடந்ததைச் சொல்கிறவன் மாதிரி.
பாண்டில் விரலுக்கு வரி இல்லை.
மடியிலிருந்த குச்சியை வைத்துப் பார்த்தேன்.
பெருவிரல் தப்பியிருந்தது.
என் ஞாபகம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அவனைத் திரும்பவும் உப்புக்கே கேட்டிருக்கிறார்கள்.
இரண்டு விரலுக்கு
ஐந்து டாலர் தள்ளுபடி.

இந்த வருஷம் ரான்சமும் போகிறான்.
பதிமூன்று வயசு.
லிஞ்ச்பர்க் புகையிலை ஆலை, நாற்பது டாலர்.
செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும்.
சமையற்கட்டில் காதில் விழுந்தது.
அவன் குச்சியை ஒன்றரை விரற்கடை நீளமாய் வெட்டினேன்.
ஓவர்சியர் குச்சிகளை எண்ணுவாரே தவிர
அளக்க மாட்டார்.

பூட்ஸ் வந்தது, படகு மாதிரி.
பையன் சிரித்தான்:
"என்னைவிட இதுக்கு வயசு ஜாஸ்தி அம்மா."
சட்டைக்கு வெட்டியதில் மிஞ்சிய துணியை
நாலு சுருளாக்கி முனையில் அடைத்தேன்.

கேள், ரான்சம்.
விரல் துணியில் முட்டினால் ஒரு சுருளை எடு.
எறியாதே, சட்டைக்குள் வைத்துக்கொள்.
அடுத்தது முட்டினால் அடுத்தது.
யாரும் கேட்டால்
பூட்ஸ் பெரிசு, பண்ணையில் தப்பாய் அளந்துவிட்டார்கள் என்று சொல்.

விடியுமுன் வண்டி வந்தது.
ஐஷம் மேற்கே, இவன் வடக்கே.
மிலி வெறுங்காலோடு கேட் வரைக்கும் ஓடினாள்,
பனியில். திட்டக்கூட வாய் வரவில்லை.

மார்ச்சில் ஒன்று எடுத்திருப்பான்.
இப்போது ஜூன்.
தைத்துக்கொண்டே இருக்கிறேன்.
சில நாள் ஊசியை நிறுத்திவிட்டு
என் கால்விரலை மடக்கிப் பார்க்கிறேன்,
இரண்டாவது சுருளா,
மூன்றாவதா என்று.